நட்சத்திரத்துக்கு மாணவப் பருவம் உண்டா?

தாம் பயின்ற வித்தையில் இதற்கு மேல் ஏறப் படியில்லை என்னும் நிலையை எய்திவிட்ட ஒருவர், அந்த ஸ்தானத்தையும், அதனோடு வந்த செல்வத்தையும், வாரந்தோறும் மைதானம் நிறைய ஜனங்கள் எழுப்பிய ஆரவாரத்தையும் ஒருங்கே துறந்து, அந்நிய தேசத்தில் அந்நிய வித்தை ஒன்றின் கடைசி வரிசை மாணாக்கராகப் போய் அமர்வது உலகில் அபூர்வமாகவே நிகழும் காரியம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் ஆட்டக்காரர் ஜாரிட் ஹெய்ன் அந்தக் காரியத்தைச் செய்யத் துணிந்தார். அவருக்கு அப்போது வயது 26. அந்த ஆண்டில்தான் அந்நாட்டு லீக்கின் மிக உயர்ந்த விருதாகிய டாலி எம் பதக்கத்தை, ஜொனாதன் தர்ஸ்டனோடு பகிர்ந்து, இரண்டாம் முறையாகப் பெற்றிருந்தார். அந்த ஆண்டில்தான், எட்டு ஆண்டுகளாகக் குவீன்ஸ்லாந்திடம் தொடர்ந்து தோற்றுவந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், தடுப்பின் கடைசிக் காவலனாகிய ஃபுல்பேக்காக அவரைக் கொண்டு, அவ்விரு மாநிலங்களும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரை வென்று, அந்த நெடுங்காலத் துயரத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது. சிட்னியின் தென்மேற்கில் மின்ட்டோ என்னும் பகுதியில், அரசாங்கக் குடியிருப்பில், தாயின் பராமரிப்பில் வளர்ந்த அந்தப் பையன், பாரமட்டா ஈல்ஸ் அணியின் நாயகனாகி, ஜனங்களின் செல்லப் பிள்ளையாகி, தம் கீர்த்தி உச்சத்தில் நின்ற வேளையில், அமெரிக்கா சென்று அந்நாட்டுக் கால்பந்து ஆடப்போவதாக அறிவித்தார்.

அந்தப் பிரயத்தனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிகிறார்கள். ஒரே சீசனோடு திரும்பிவந்துவிட்டாரே, ஆகவே தோற்றார் என்பது ஒரு கட்சி. உலகின் மிகக் கடினமான தொழில்முறை லீக் ஒன்றில், அந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடியறியாதவர் இடம்பெற்றாரே, ஆகவே வென்றார் என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் ஆட்டக்காரரின் சாமர்த்தியத்தையே எடைபோடுகிறார்கள். எடைபோட வேண்டியது அவருக்குக் கிடைத்த காலத்தை என்பது என் அபிப்பிராயம். சாமர்த்தியத்தில் அவருக்குக் குறைவே இருந்ததில்லை. மாணவனாக இருப்பதற்குரிய காலம்தான் அவருக்கு இல்லாமற்போயிற்று. அந்தக் காலத்தை அவரிடமிருந்து பறித்தது அவருடைய கீர்த்தியே என்பதைச் சற்று விரிவாக எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இரண்டு ஆட்டங்களின் உறவை அறிந்துகொள்வது அவசியம். இரண்டும் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கூட மைதானத்தில் உருவான ஒரே ஆட்டத்தின் சந்ததிகள். பந்தை ஏந்தி ஓடுகிறவனை எதிரிகள் கீழே தள்ளிவிட்டால், அதற்குப்பின் பந்து யாருக்கு உரியது என்ற கேள்விக்குத் தாய் ஆட்டம் தெளிவான விடை சொல்லவில்லை. ஆட்டக்காரர்கள் கும்பலாகக் குவிந்து, காலாலும் தோளாலும் முட்டி மோதி அதைத் தீர்மானித்துக்கொண்டார்கள். இந்தக் குழப்பம் பிடிக்காமல், அமெரிக்காவில் யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்ட்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால், பந்து ஒரு பக்கத்துக்கே உரியது, அவர்களே கோட்டின்மேல் வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள் என்ற விதி 1880ஆம் ஆண்டிலும், இத்தனை முயற்சிகளுக்குள் இத்தனை கெஜம் முன்னேறாவிட்டால் பந்தைப் பறிகொடுக்க வேண்டும் என்ற விதி 1882ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. 1906ஆம் ஆண்டில் பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதி பிறந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் நடந்ததோ வேறு கதை. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த ஏழைத் தொழிலாளர், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஈடுசெய்ய வேண்டுமென்று கேட்டதைக் கனவான்களின் சங்கம் மறுத்துவிடவே, 1895ஆம் ஆண்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடநாட்டு அணிகள் பிரிந்து வந்தன. அவ்விதம் பிறந்த ரக்பி லீக்கும் 1906ஆம் ஆண்டில் ஆட்டக்காரர் தொகையை 15இலிருந்து 13ஆகக் குறைத்து, வீழ்த்தப்பட்டவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்று விதித்தது. பிற்காலத்தில் ஆறு முறை பிடிபட்டபின் பந்தை எதிரிக்குக் கொடுக்க வேண்டும் என்ற வரம்பும் வந்துசேர்ந்தது. ஆக, ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள், ஒரே கேள்விக்கு, கடல்களுக்கு அப்பால் தனித்தனியே ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அவை சகோதரர்களாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்தச் சாயல்தான் கடந்துபோக முயல்கிறவனுக்குக் கண்ணியாக அமைகிறது. ரக்பி லீக்கில் பந்து ஏந்திய தோழனைக் காப்பதற்காக எதிரியின் வழியில் குறுக்கே நிற்பது குற்றம். அமெரிக்க ஆட்டத்தில் அதுவே தலையாய கடமை. லீக்கில் 80 நிமிஷமும் ஒருவனே தாக்கவும் தடுக்கவும் வேண்டும். அங்கே தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு, உதைப்பந்தின்போது களமிறங்குவோர் வேறு. லீக் மைதானத்தின் அகலம் 68 மீட்டர். அமெரிக்க மைதானத்தின் அகலம் 49 மீட்டருக்கும் சற்றே குறைவு. அந்த 19 மீட்டர் வித்தியாசத்தைக் காகிதத்தில் காண்பவர் அற்பமென்று கருதக்கூடும். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்து, எதிரியின் வரிசையில் எங்கே இடைவெளி பிறக்கும் என்று நோட்டமிட்டு, அது பிறந்த கணத்தில் பாய்வதையே பால்யம் முதல் தன் கலையாகப் பயின்ற ஃபுல்பேக்குக்கு, அந்த 19 மீட்டரில்தான் அவன் வாழ்க்கையே இருக்கிறது. அமெரிக்க ஆட்டத்தில் பந்தை ஏந்தி ஓடுபவனாகிய ரன்னிங் பேக்குக்குத் திறக்கும் வாயில் கண் இமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்கிறது, நோட்டமிட அவகாசமில்லை, எந்த வாயில் திறக்குமென்பதை, நூற்றுக்கணக்கான திட்டங்கள் அடங்கிய ஏட்டைப் பாடம்செய்து, பந்து கைக்கு வருமுன்பே அவன் அறிந்திருக்க வேண்டும். லீக்கில் பந்தை ஏந்தியவனைப் பலர் சேர்ந்து பிடித்திருக்கும்போது அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்குவது தண்டனைக்குரியது. ஆதலால் நிமிர்ந்து ஓடி, பந்தைத் தோழனுக்குக் கொடுக்கத் தயாராகக் கைகளில் ஏந்தி வருவது அங்கே நல்ல பழக்கம். அமெரிக்காவிலோ, பந்தைத் தட்டிவிடுவதே தடுப்போரின் நோக்கங்களில் ஒன்றாகையால், நிமிர்ந்து ஓடுகிறவன் தன் அணிக்கே ஆபத்தாகிறான்.

வீணையில் தேர்ந்த ஒரு வித்துவான் நடுவயதில் வயலினைக் கையிலெடுத்தால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேருகிறது. அவருக்கு ராக ஞானம் பூரணமாக இருக்கிறது. ஸ்வரம் எங்கே நிற்க வேண்டுமென்று செவிக்குத் தெரிகிறது. ஆனால் மெட்டில்லாத தந்தியில் விரல் அந்த இடத்தைத் தேடித் தவிக்கிறது. ஒன்றும் அறியாத சிறுவனுக்கு இல்லாத சங்கடம் இது. சிறுவனின் விரலில் வேறு வாத்தியத்தின் பழக்கம் ஏதும் குடியேறியிருக்கவில்லை.

ஹெய்னின் அமெரிக்க வருஷத்தை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி அவரை ரன்னிங் பேக்காகச் சேர்த்துக்கொண்டது. ஆகஸ்டு 15ஆம் தேதி ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்கு எதிரான முன்னோட்டப் போட்டியில், அவர் பந்தை ஏந்தி 53 கெஜ தூரம் ஓடியபோது, இரண்டு கண்டங்களிலும் பத்திரிகைகள் ஆச்சரியத்தில் ஆழ்ந்தன. பயிற்சி முகாமில் இருந்த 90 பேரில் 53 பேரே இறுதியில் தேர்வு பெறுவர். அந்த 53 பேரில் அவரும் ஒருவரானார். அமெரிக்கப் பிள்ளை ஒருவன் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டும் கல்லூரியில் மூன்று நான்கு ஆண்டும் பயின்ற பின்னரும் பெறமுடியாத இடத்தை, ஆறு மாதத்தில் அவர் பெற்றார் என்பதை நினைக்கும்போது, தோல்வி என்ற சொல்லை அவர் பெயரோடு சேர்த்து உச்சரிக்க எனக்கு நா எழவில்லை.

செப்டம்பர் 14ஆம் தேதி, மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு எதிரான முதல் போட்டியில், அவரை நோக்கி உதைக்கப்பட்ட முதல் பந்து அவர் கையிலிருந்து நழுவி எதிரிகள் வசமாயிற்று. வானிலிருந்து இறங்கும் பந்தைப் பிடிப்பதில் தம் நாட்டில் தலைசிறந்தவர் என்று பெயரெடுத்தவருக்கு அது நேர்ந்தது. அணி அந்தப் போட்டியை 20–3 என்ற கணக்கில் எளிதாகவே வென்றது. ஆயினும் அந்த நழுவலின் நிழல் அவரை விட்டு அகலவில்லை. பந்தை ஏந்தி ஓடுவது ரன்னிங் பேக்கின் பாதிப் பணியே. பந்தை எறியும் தோழனைத் தாக்க எதிரணியிலிருந்து யார், எந்தத் திசையிலிருந்து பாய்வார் என்பதை முன்கூட்டி ஊகித்து, குறுக்கே நின்று தடுப்பது மறுபாதி. அந்த மறுபாதி, அவர் வாழ்நாளெல்லாம் குற்றமென்று கற்பிக்கப்பட்ட செய்கை. அக்டோபர் 31ஆம் தேதி அவர் முதன்மை அணியிலிருந்து நீக்கப்பட்டுப் பயிற்சி அணியில் வைக்கப்பட்டார்; டிசம்பர் இறுதியில் மீண்டும் அழைக்கப்பட்டார். மொத்தம் எட்டுப் போட்டிகள். 17 முறை பந்தை ஏந்தி 52 கெஜம். பயிற்சியாளர் ஜிம் டாம்சூலா அந்த சீசன் முடிந்ததும் விலக்கப்பட, சிப் கெல்லி அந்த இடத்துக்கு வந்தார். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹெய்ன் தாமே விடைபெற்று, ரியோ ஒலிம்பிக்கில் தந்தையின் நாடாகிய ஃபிஜிக்கு ரக்பி செவன்ஸ் ஆட முயன்றார். ஃபிஜி அந்தப் போட்டியில் தன் சரித்திரத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாகவே, வென்றது. அந்த அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் அவர்மீது நடந்த பாலியல் குற்ற வழக்கையும், நடுவர் குழுக்களின் தீர்ப்புகள் மேல்முறையீட்டில் ரத்தானதையும் வாசகர்கள் அறிந்திருக்கலாம். அந்த விஷயம் நீதிமன்றத்தைச் சேர்ந்தது, இந்தக் கட்டுரை அவருடைய ஆட்டத்தைப் பற்றியது.

இப்போது மற்றொருவரைப் பார்ப்போம். ஜோர்டன் மைலாட்டா, சிட்னியின் பேங்க்ஸ்டவுன் பகுதியில் சமோவாவைச் சேர்ந்த பெற்றோருக்கு 1997ஆம் ஆண்டில் பிறந்தவர். உயரம் 6 அடி 8 அங்குலம். எடை 150 கிலோவுக்கும் மேல். சவுத் சிட்னி ராபிட்டோஸ் அணியின் இருபது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அவரை நட்சத்திரம் என்று யாரும் அழைத்ததில்லை. இடைவிடாது ஓடியாட வேண்டிய ஆட்டத்துக்கு இத்தனை பெரிய தேகம் பாரமாகுமே என்ற கவலைதான் அவரைச் சூழ்ந்திருந்தது. அமெரிக்க லீக், வெளிநாட்டு இளைஞரைத் தேடிப் பயிற்றுவிப்பதற்கென 2017ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின் மூலம் அவர் ஃபுளோரிடாவுக்குச் சென்று சில மாதங்கள் பயின்றார். 2018ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரை ஏழாவது சுற்றில், 233ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அன்றுவரை அவர் அந்த ஆட்டத்தின் ஒரு போட்டியில்கூட ஆடியிருக்கவில்லை.

அவருக்கு அளிக்கப்பட்ட பணி லெஃப்ட் டாக்கிள். பந்தை ஒருநாளும் ஏந்தாமல், எறிபவனின் முதுகுப் பக்கத்தைக் காத்து நிற்கும் காவலனின் பணி அது. ரக்பி லீக்கில் எது குற்றமோ அதுவே, தொடக்கம் முதல் இறுதிவரை, இங்கே அவருடைய முழுத் தொழிலாயிற்று. பழைய வித்தையோடு எவ்விதச் சாயலும் இல்லாத வித்தையாகையால், அவருடைய தேகத்தில் படிந்திருந்த பழைய பழக்கம் குறுக்கிட்டு அவரை ஏமாற்ற வழியே இருக்கவில்லை. கால் வைப்பதிலிருந்து, கை நீட்டுவதிலிருந்து, எல்லாவற்றையும் அகரம் தொட்டுக் கற்றுக்கொண்டார். கற்பித்தவர், அந்த அணியில் 2013 முதல் காவல் வரிசையின் உபாத்தியாயராக இருந்து பேர்பெற்ற ஜெஃப் ஸ்டவுட்லண்ட். 2018ஆம் ஆண்டில் மைலாட்டா சீசன் போட்டி ஒன்றிலும் இறக்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டிலும் இல்லை. முதுகுவலியால் காயம்பட்டோர் பட்டியலில் இருந்தார். இரண்டு முழு ஆண்டுகள் அந்த மனிதர் கற்றுக்கொண்டே இருந்தார், அணி ஊதியம் கொடுத்துக் காத்துக்கொண்டே இருந்தது. 2020ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக சீசன் போட்டியில் களமிறங்கினார். அடுத்த ஆண்டில், கல்லூரியில் புகழ்பெற்று முதல் சுற்றிலேயே தேர்வான ஆண்ட்ரே டில்லார்டோடு போட்டியிட்டு அந்த இடத்தை உரிமையாக்கிக்கொண்டார்; 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை 40–22 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையைக் கைக்கொண்ட ஈகிள்ஸ் அணியில் அவர் தூணாக நின்றார்.

இந்த இருவரில் ஹெய்னுக்கே இயற்கை வரம் அதிகமென்று, ரக்பி லீக்கை அறிந்த எவரும் தயக்கமின்றிச் சொல்வார். ஆயினும் மைலாட்டா 20 வயதில், பெயரில்லாமல், பின்னால் திரும்பிச் செல்லத் தக்க மாளிகை ஏதும் இல்லாமல் போனார். ஹெய்ன் போனபோது அமெரிக்க ஆட்டத்தில் ரன்னிங் பேக்குகள் தேயத் தொடங்கும் பிராயத்தை எட்டியிருந்தார். 2016 மே மாதத்தில் அவருக்கு வயது 28. மைலாட்டாவைப் போல இரண்டு ஆண்டுகள் வெளியே அமர்ந்து கற்றிருந்தால், கற்று முடித்த அன்றே ஓய்வுபெறும் வயதும் வந்திருக்கும். ஒருவர் நட்சத்திரமாவதற்குச் செலவிடும் ஆண்டுகளே மாணவராவதற்குத் தேவையான ஆண்டுகளும் ஆகின்றன. அந்த ஆண்டுகளை ஒருமுறைதான் செலவிட முடியும். இதை அவருடைய குறையென்று சொல்வது நியாயமாகாது.

வயது மட்டுமே காரணமானால், 23 வயதில் சென்ற வாலன்டைன் ஹோம்ஸ் தங்கியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016ஆம் ஆண்டில் க்ரொனல்லா ஷார்க்ஸ் அணி கோப்பை வென்றபோது அதில் ஆடியவர், 2017 உலகக் கோப்பையின் கால் இறுதியில் சமோவாவுக்கு எதிராக ஐந்து முறையும் அரை இறுதியில் ஃபிஜிக்கு எதிராக ஆறு முறையும் பந்தைக் கோட்டுக்கு அப்பால் பதித்தவர், 2019ஆம் ஆண்டில் நியூ யார்க் ஜெட்ஸ் அணியின் பயிற்சிக் குழுவில் ஒரு சீசனைக் கழித்துவிட்டு, தம் சொந்த ஊராகிய டவுன்ஸ்வில்லின் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணியில் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது இருந்தது; ஆனால் அவருடைய கீர்த்தி, தாய்நாட்டில் ஒரு கதவை எப்போதும் திறந்தே வைத்திருந்தது. ஒரு பக்கத்தில் பெயரும் பொருளும் காத்திருக்க, மறு பக்கத்தில் பெயரற்றவராய் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பயிற்சி மைதானத்தில் பிறருக்கு இலக்காக நின்று உழைக்கச் சம்மதிக்காத மனிதரை நாம் குறைகூறலாகாது. நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? அவர் பின்னர் குவீன்ஸ்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மீண்டும் ஆடினார். ஹெய்னும் 2017ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காக மீண்டும் களமிறங்கினார். போய்வந்ததால் அவர்கள் தம் பழைய ஆட்டத்தை இழந்துவிடவில்லை.

கீர்த்தி இழைக்கும் தீங்கு இன்னொன்றும் உண்டு. ஹெய்னின் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒவ்வொரு நழுவலையும் சிட்னியில் ஜனங்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதப்பட்டது. மாணவனுக்குத் தவறு செய்யும் உரிமை வேண்டும், அத்தவறு யார் கண்ணிலும் படாத இடம் வேண்டும். மைலாட்டாவின் முதல் இரண்டாண்டுத் தவறுகள் பெரும்பாலும் ஸ்டவுட்லண்டின் முன்னே பயிற்சி மைதானத்தில் நடந்து அங்கேயே திருத்தப்பட்டன. ஹெய்னின் முதல் தவறு தேசம் முழுவதும் ஒளிபரப்பாகிய இரவில் நடந்தது.

அமெரிக்க லீக் இந்தப் பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. 2024ஆம் ஆண்டு முதல், 32 அணிகளும் தத்தம் பயிற்சிக் குழுவில் வெளிநாட்டு இளைஞர் ஒருவருக்கென்று தனியாக ஓர் இடம் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைப் பயிற்றும் கூடம் ஒன்றும் திறக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைப் பருவத்திலேயே கற்பிப்பது சரியான வழிதான். எனினும் அந்த இடங்களில் அமர்த்தப்படும் இளைஞரை ஒரே சீசனில் அளந்து பார்த்துத் திருப்பியனுப்பும் வழக்கம் நீடிக்குமானால், இடம் ஒதுக்கியதன் பயன் பாதிக்குமேல் வீணாகிவிடும். வெளிநாட்டு மாணவர் ஒருவரை ஏற்கும் அணி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் அவரை வைத்துக் கற்பிக்கக் கடமைப்பட்டது என்று லீக் நிர்வாகம் விதி செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு அவ்வளவு பெரிய லீக்குக்கு ஒரு பொருட்டல்ல. மேலும், மற்றொரு தேசத்து நட்சத்திரத்தை, அவர் தேசத்து ஜனங்களின் கண்களையும் தொலைக்காட்சிகளையும் தம் பக்கம் இழுக்கும் நோக்கத்தோடு அழைத்துவந்து, அவரை ஆறு மாத அவகாசத்தில் சோதித்துவிட்டு, ஆள் தேறவில்லை என்று அறிவிப்பதை அணிகள் நிறுத்த வேண்டும். அல்லது, அழைக்கும்போதே, உங்களுக்கு இத்தனை ஆண்டுகள் தருகிறோம், அதுவரை உங்களை மேடையேற்ற மாட்டோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய ஜனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த நட்சத்திரம் ஒருவர் புறப்படும் நாளில், அவர் எப்போது முதல் டச்டவுன் அடிப்பார் என்று கேட்பதை விட்டு, அவருக்கு யார் ஆசிரியர், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எந்த இடத்தில் ஆடக் கற்பிக்கப்போகிறார்கள் என்று கேட்பார்களாக. மூன்றுக்கும் தக்க விடை இல்லையானால், போக வேண்டாமென்று அவருக்கு வெளிப்படையாகச் சொல்லும் தைரியமும் நண்பர்களுக்கு வேண்டும்.